அலமாரியில் அடைபட்ட ஆய்வுகள்

1973இல் திருச்சியில் முதல் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடிற்று. அது முதல் நம் மாநாடுகளில் படிக்கப்பெற்ற கட்டுரைகளை நெசவூராம் அம்மையார்குப்பத்து மாணவன் எங்கே தேடுவான்? பெரும்பாலும் மலரைப் பூட்டி வைத்திருப்பவரின் வாசலில்தான்! 2021இல் தொடங்கிய திராவிட மொழித் தொழில்நுட்பப் பயிலரங்கைப் பாருங்கள். வந்த கட்டுரைகளைச் சீர்தூக்கித் தேறியவற்றை எவரும் காசின்றிப் படிக்க இணையத்தில் வைக்கின்றனர். பெயர் சுட்டி எவரும் எடுத்தாளலாம். நம் மேடைகள் பலவற்றிலோ பட்டமும் பணப்பையும் பார்த்தே இடம்! செல்வர், வறியர் பாராது அறிவிப்பாளரை உரைத்துப் பார்த்த ஹதீஸ் கலையின் வாரிசுகளுக்கு இது அழகா? “இலவசமாய் இட்டால் மலர் விலைபோகாதே” என்பார் சிலர். கிதாபுகளைக் கையாலெழுதிப் பரப்பிய ஆலிம்கள் விலைப்பட்டியலா தொங்கவிட்டார்கள்? இனி மாநாடு கூட்டுவோர், கட்டுரை கேட்கும் கடிதத்திலேயே இதற்கு உறுதி கூறட்டும். கூறாதவர்க்குக் கட்டுரை அனுப்பாதீர்கள்.