டிராக்டருக்கு எல்.இ.டி விளக்கு: முன்பக்கம் மாற்றும் முன் பின்பக்கம் பாருங்கள்

கேள்வி: “எங்களிடம் இருப்பது 15 வருடத்துக்கு முன்பு வாங்கிய 35 குதிரைத்திறன் டிராக்டர். புரட்டாசி, ஐப்பசியில் ராத்திரியிலும் வாடகை உழவுக்குப் போகிறது. ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. எல்.இ.டி போட்டால் பேட்டரிக்கு நல்லது, டீசலும் மிச்சமாகும் என்கிறார்கள். மாற்றலாமா? இன்னொன்று, போன தை மாதம் நெல் மூட்டை ஏற்றி வரும்போது, பின்னால் பைக்கில் வந்தவர் டிரெய்லரைக் கடைசி நேரத்தில்தான் பார்த்தார். மயிரிழையில் தப்பித்தார். அதற்கும் ஏதாவது வழி உண்டா?”

- வாசகர், நரிக்குடி வட்டாரம், விருதுநகர் மாவட்டம்.

பதில்: மாற்றலாம். ஆனால், கடைசியாகக் கேட்டிருக்கிறாரே, அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதியில் ராத்திரி உழவு என்பது விருப்பப்பட்டுச் செய்வதல்ல. மானாவாரிக் கரிசல் மண்ணில் மழை பெய்த உடனே டிராக்டரை இறக்க முடியாது, சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். வெயில் அடித்து இறுகிவிட்டால் கட்டி கட்டியாகப் பெயரும். நடுவில் கிடைக்கும் பதம் சில நாள்தான். அந்தச் சில நாளில் ஊரே உழவுக்குக் காத்திருக்கும். ஊருக்கு நாலைந்து டிராக்டர்தான் இருக்கும் என்றால், இரவு பகல் பார்க்க முடியாது. தை, மாசியில் அறுவடை வந்ததும் அதே டிராக்டர் நெல்லையும் வைக்கோலையும் இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடும். கண்மாய்க்கரை ஓரமாகப் போகும் குறுகலான சாலைகள். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் கவிந்து நிற்கும். தெருவிளக்கு ஊருக்குள் மட்டும்தான்.

ஆக, டிராக்டர் விளக்குக்கு மூன்று வேலை இருக்கிறது. வயலில் கலப்பையையும் சாலையும் காட்டுவது, ரோட்டில் வழி காட்டுவது, பின்னால் வருகிறவருக்கு ‘இங்கே ஒரு வண்டி போகிறது’ என்று சொல்வது. மூன்றுக்கும் மூன்று விதமான விளக்கு வேண்டும்.

மங்கலுக்குக் காரணம் பல்பு மட்டுமல்ல

புது விளக்கு வாங்கும் முன்பு வயரிங்கைப் பார்க்க வேண்டும். இழை பல்புக்குப் போகும் மின்னழுத்தம் 10 சதவிகிதம் குறைந்தால், வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்துவிடும். 15 வருட வண்டியில் இது சாதாரணம். எர்த் வயர் பிடித்திருக்கும் போல்ட்டில் துரு, பேட்டரி முனையில் பச்சை பூத்திருப்பது, சுவிட்சில் கருகல், எலி கடித்த வயர் எல்லாமே வெளிச்சத்தைத் தின்னும்.

சோதிப்பது எளிது. இன்ஜினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, மல்டிமீட்டரால் பேட்டரி முனைகளில் எத்தனை வோல்ட் என்று பார்க்க வேண்டும். பிறகு பல்பு ஹோல்டரில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோளாறு வயரிங்கில் இருக்கிறது. இன்ஜின் வேகமாக ஓடும்போதும் பேட்டரியில் 13 வோல்ட்டைத் தாண்டவில்லை என்றால் ஆல்டர்னேட்டரையோ, பழைய வண்டியாக இருந்தால் டைனமோவையோ பார்க்க வேண்டும்.

பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாகத் தனி வயர் இழுத்து ஹெட்லைட்டுக்குக் கொடுத்து, எர்த்தையும் சுரண்டிச் சுத்தம் செய்து முறுக்கினால், பழைய ஹாலோஜன் பல்பே பளிச்சென்று எரிவதைப் பார்க்கலாம். பலருக்கு இந்த வேலையோடு ஹெட்லைட் பிரச்னை முடிந்துவிடும். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு மாட்டுவது மட்டும் கூடாது. ஹோல்டரும் சுவிட்சும் உருகிவிடும்.

பேட்டரிக்கு லாபம், டீசலுக்கு இல்லை

முன்னால் 55 வாட் விளக்கு இரண்டு, பின்னால் கலப்பையைக் காட்ட 55 வாட் ஒன்று எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 165 வாட். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 13.75 ஆம்பியர் இழுக்கும். ஒரு வாட்டுக்கு எல்.இ.டி தரும் வெளிச்சம் ஹாலோஜனைப்போல நான்கைந்து மடங்கு. அதனால், அதே வேலையை 20 வாட் எல்.இ.டி மூன்று செய்துவிடும். மொத்தம் 60 வாட், 5 ஆம்பியர்.

உழவில் இன்ஜின் வேகமாக ஓடுவதால் பேட்டரி தானாக ஏறிக்கொண்டிருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் கொத்துக் கலப்பையின் போல்ட்டை முறுக்கும்போதும், மூட்டை ஏற்றும்போதும்தான் வித்தியாசம் தெரியும். 75 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி தீர, ஹாலோஜனுக்கு 3 மணி நேரம்கூட ஆகாது. எல்.இ.டி-க்கு 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பழைய பேட்டரியில் இரண்டுமே இதைவிடக் குறையும். காலையில் தள்ளி ஸ்டார்ட் செய்யும் பாடு மிச்சம்.

டீசல் மிச்சம் என்பதை நம்பிச் செலவழிக்க வேண்டாம். 35 குதிரைத்திறன் என்பது சுமார் 26,000 வாட். விளக்கில் மிச்சமாவது 105 வாட். நூற்றில் ஒரு பங்குகூட வராது.

வேலை விளக்குக்கு எல்.இ.டி நல்லது

வயலில் எரியும் வேலை விளக்குக்கு எல்.இ.டி பொருத்தமானது. அறுந்துபோக இழை இல்லாததால், கட்டாந்தரைக் குலுக்கலைத் தாங்கும். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

விளக்கின் முதுகில் அலுமினியத் தகடுகள் வரிவரியாக இருக்க வேண்டும். எல்.இ.டி-யின் சூடு பின்பக்கமாகத்தான் வெளியேறும். சூடு போக வழியில்லாத விளக்கு ஒரு பருவத்திலேயே மங்கிவிடும். தகடுகளில் சேறு அப்பினால் துடைத்துவிட வேண்டும்.

ஐ.பி 67 என்று குறித்திருந்தால் தூசி புகாது, மழைத் தண்ணீரும் புகாது. மின்னழுத்தம் 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் என்று இருந்தால், பழைய வண்டியின் ஏற்ற இறக்கத்துக்கு ஈடுகொடுக்கும்.

அட்டைப் பெட்டியில் ‘200 வாட்’ என்று போட்டிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. கடையிலேயே 12 வோல்ட் பேட்டரியில் மாட்டி, ஆம்பியர் பார்க்கச் சொல்லலாம். 1.5 ஆம்பியர் இழுத்தால் அது 18 வாட் விளக்குதான்.

கலப்பையைக் காட்டும் விளக்கு அகலமாகப் பரப்பும் வகையாக இருக்க வேண்டும். ஒரே இடத்தில் குவியும் வகை, ஒரு கொத்தை மட்டும் காட்டி மற்றதை இருட்டாக்கிவிடும். புழுதி உழவில், டிரைவரின் கண்ணுக்கு நேராக விளக்கைப் பொருத்தினால் தூசியில் பட்டு வெளிச்சம் கண்ணுக்கே திரும்பும். மட்கார்டு ஓரமாகத் தாழ்த்திப் பொருத்தினால் தரை தெளிவாகத் தெரியும். நீலம் பாய்ந்த வெள்ளையைவிட, சற்று மஞ்சள் கலந்த வெள்ளை கண்ணை உறுத்தாது.

ஒவ்வொரு விளக்குத் தொகுதிக்கும் தனி ஃபியூஸ், தனி சுவிட்ச் வேண்டும். வயர் சைலன்சர் பக்கம் போகக் கூடாது. டிராக்டரிலோ, மாட்டிய டிரெய்லரிலோ வெல்டிங் வைக்கும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்.இ.டி-க்குள் இருக்கும் மின்னணுப் பாகம் கருகிவிடும்.

ஹெட்லைட்டில் பல்பை மட்டும் மாற்றாதீர்கள்

பலர் செய்யும் தவறு இதுதான். ஹாலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு, அதே கிண்ணத்தில் எல்.இ.டி பல்பைச் செருகிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கிண்ணம், இழை இருக்கும் இடத்தை வைத்து வடிவமைக்கப்பட்டது. எல்.இ.டி சில்லுகள் அதே இடத்தில், அதே வடிவில் இருப்பதில்லை. வெளிச்சம் சிதறும். டிம்மில் போட்டாலும் மேல்நோக்கி அடிக்கும். ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் பளிச்சென்று இருப்பதால் நல்ல விளக்கு என்று தோன்றும். எதிரே மொபெட்டில் மனைவியையும் பிள்ளையையும் வைத்து வருகிறவருக்குக் கண் இருட்டிவிடும். குறுகிய ரோட்டில் அவர் ஒதுங்குவது கண்மாய்ப் பள்ளத்திலா, டிராக்டர் மேலா என்பது அவருக்கே தெரியாது.

எல்.இ.டி-தான் வேண்டும் என்றால் கிண்ணம், கண்ணாடியோடு சேர்ந்த முழு விளக்காக, டிம், பிரைட் இரண்டும் உள்ளதாக, அந்த டிராக்டர் மாடலுக்கு உரியதாக வாங்க வேண்டும். மாட்டிய பிறகு, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம்மில் போட்டுப் பார்க்கலாம். சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, ஹெட்லைட் உயரத்தைவிடக் கீழே இருக்க வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத புது வண்டி என்றால், வயரைத் தொடும் முன் விற்பனையாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

உயிர் பின்பக்கத்தில் இருக்கிறது

இப்போது அந்த பைக் விஷயம். 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். அந்த அளவுக்குக் காரணம் இருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக், ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. நின்றுகொண்டிருக்கும் டிரெய்லர் 155 மீட்டரில் தெரிந்தால், பிரேக் பிடிக்க 9 விநாடி இருக்கிறது. விளக்கில்லாத டிரெய்லர் 30 மீட்டரில்தான் கண்ணில் படுகிறது என்றால், 2 விநாடிகூட இல்லை. அதில் அவர் என்னவென்று புரிந்துகொள்ளவே ஒரு விநாடி போய்விடும்.

நம் டிரெய்லர்களில் பின்விளக்கு எரியாததற்குக் காரணம் தெரிந்ததுதான். மூட்டை இறக்கும்போது பல்பு உடையும். வயரைக் கருவேல முள் இழுத்துவிடும். பிளக் துருப்பிடிக்கும். இந்த இடத்துக்குத்தான் எல்.இ.டி முதலில் போக வேண்டும். மூடி ஒட்டிய எல்.இ.டி பின்விளக்கு குலுக்கலுக்கும் மழைக்கும் அசையாது. அதற்கு இரும்புச் சட்டத்தில் ஒரு காப்புக் கம்பி வைத்து, வயரைக் குழாய்க்குள் விட்டுக் கொண்டுபோனால் பல பருவம் ஓடும்.

விளக்கு எரியாத நாளுக்குக் காவல், ஒளியைத் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர். அதற்கு பேட்டரியும் வேண்டாம், வயரும் வேண்டாம். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்பது ஒழுங்கு. ஒட்டும் இடத்தில் துருவைத் தேய்த்து, துடைத்து, காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். சேறு மூடினால் அதுவும் குருடுதான். ரோட்டில் ஏறும் முன் ஒரு சாக்கால் துடைப்பதைப் பழக்கமாக்க வேண்டும்.

வைக்கோல் ஏற்றினால் விளக்கும் ஸ்டிக்கரும் மறைந்துவிடும். ஒரு பலகையில் இரண்டு சிவப்பு எல்.இ.டி விளக்கும் ஸ்டிக்கரும் பொருத்தி, நீள வயரோடு வைத்துக்கொண்டால், பாரத்தின் கடைசியில் தொங்கவிடலாம். அமெரிக்காவில் 1960-களில் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான, சிவப்பு விளிம்புள்ள ஆரஞ்சு முக்கோணப் பலகையை, மெதுவாகப் போகும் பண்ணை வண்டிகளின் முதுகில் இன்றும் மாட்டுகிறார்கள். மெதுவாகப் போகும் வண்டிக்கு ஆபத்து முதுகுப் பக்கம்தான் என்பது அங்கேயும் பட்டுத் தெரிந்துகொண்டது.

இன்னொரு பெரிய தவறு, உழவு முடித்து ரோட்டில் ஏறும்போது பின்பக்க வேலை விளக்கை அணைக்க மறப்பது. பின்னால் வருகிறவருக்கு வெள்ளை வெளிச்சம் தெரிந்தால், எதிரே ஒரு வண்டி வருகிறது என்றுதான் நினைப்பார். சிவப்பு விளக்கும் அந்த வெளிச்சத்தில் அமுங்கிப்போகும். வேலை விளக்கு வயலோடு சரி.

எல்லாம் முடித்த பிறகு ஒரு சோதனை. இருட்டியதும் டிரெய்லரை ஓரமான இடத்தில் நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு, பின்னால் 200 எட்டு நடந்து திரும்பிப் பார்க்க வேண்டும். அது ஏறக்குறைய 155 மீட்டர். சிவப்பு தெளிவாகத் தெரிந்தால் சரி. பிறகு விளக்கை அணைத்துவிட்டு, ஒருவரை பைக்கில் டிம் வெளிச்சத்தோடு வரச் சொல்லி, ஸ்டிக்கர் எங்கிருந்து மின்னுகிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: “எல்.இ.டி இண்டிகேட்டர் மாட்டியதும் படபடவென்று வேகமாக அடிக்கிறது. விளக்கில் கோளாறா?”

- வாசகர், திருச்சுழி.

பதில்: விளக்கில் கோளாறு இல்லை. பழைய ஃபிளாஷர், இழை பல்பு இழுக்கும் மின்சாரத்தை நம்பி வேலை செய்வது. எல்.இ.டி குறைவாக இழுப்பதால், பல்பு போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு வேகமாக அடிக்கும். சில வண்டிகளில் அடிக்காமலேயே நிற்கும். எல்.இ.டி-க்கு உரிய மின்னணு ஃபிளாஷரை மாற்றினால் சரியாகிவிடும். எல்.இ.டி-யில் சிவப்பு வயர், கறுப்பு வயர் இடம் மாறினால் எரியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செலவு செய்ய வேண்டிய வரிசை

1. டிரெய்லருக்கு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர்.
2. டிரெய்லருக்கு எல்.இ.டி பின்விளக்கு, இண்டிகேட்டர், நல்ல பிளக்.
3. எர்த், பேட்டரி முனை, ரிலே, ஃபியூஸ்.
4. வயலுக்கு எல்.இ.டி வேலை விளக்கு.
5. பணம் மிச்சமிருந்தால், ஹெட்லைட் முழுத் தொகுதி.

முதல் மூன்றையும் ஆவணி முடிவதற்குள் செய்துவிட்டால், புரட்டாசியில் பதம் கிடைக்கும் நாளில் ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்க வேண்டியிருக்காது. தை மாதம் மூட்டையோடு திரும்பும்போது, பின்னால் வருகிறவரும் தன் வீட்டுக்குப் போய்ச் சேர்வார்.