குடியானவர் காதுக்கு ஏற்ற பேச்சு

விவசாய விஷயங்களைப் பொதுமக்களுக்கு எடுத்துரைப்போர், கூட்டத்திலாயினும் வானொலியிலாயினும், தெளிவாகவும் சுருக்கமாகவும் பேசுதல் அவசியம். அச்சிட்ட தாளில் விளங்காத வரியை மறுமுறை படித்துக் கொள்ளலாம்; காதில் விழுந்து மறைந்த சொல்லை மீண்டும் கேட்க இயலாது.

சென்னை வானொலி நிலையம் 1938ஆம் வருஷம் ஜூன் 16ந் தேதி துவக்கப்பெற்றது. இன்று அது சாந்தோமை அடுத்துக் காமராஜர் சாலையில், கடற்கரையை நோக்கி அமைந்துள்ளது. அங்கிருந்து பேசுபவர் கேட்பவரின் முகத்தைக் காண்பதில்லை. விளங்கிற்றா என்று வினவவும் வழியில்லை. ஆகவே, ஐயம் எழாதபடி சொற்களை முன்னதாகவே திட்டம் செய்து கொள்ள வேண்டும்.

வானொலிப் பேச்சால் விளையும் நன்மைக்குத் தஞ்சை ஜில்லாவே சாட்சி. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உண்டாக்கப்பட்ட ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல், 1960களில் வானொலி மூலம் பிரபலமடைந்தது. குடியானவர்கள் அதனை 'ரேடியோ நெல்' என்றே வழங்கினர். கேட்டதை நம்பி வயலில் விதைத்தனர் என்பது இப்பெயரால் விளங்கும். அத்தகைய நம்பிக்கையைப் பெற்ற பேச்சில் பிழைக்கு இடமிருத்தல் ஆகாது.

உதாரணமாக, நெல் வயலுக்குத் துத்தநாக சல்பேட் இடுவதைக் கூறலாம். "எக்டருக்கு 25 கிலோ" என்று மட்டும் ஒருவர் சொல்லிவிட்டால், ஏக்கர் கணக்கில் பழகிய குடியானவர் அவ்வளவையும் ஒரே ஏக்கருக்கு இட்டுவிடக்கூடும். தேவைக்கு இரண்டரை மடங்கு உரம் செலவாகும், பணமும் விரயமாகும். அதனையே, "ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து, நடவுக்கு முன் தூவுக, சூப்பர் பாஸ்பேட்டுடன் சேர்க்கலாகாது" என்று கூறின் போதுமானது. அளவு, காலம், செய்முறை, விலக்கு ஆகிய நான்கும் அதில் அடங்கிவிடுகின்றன. அளவை மட்டும் இருமுறை சொல்லுதல் நன்று.

சுருக்கினால் காரணம் விடுபட்டுப் போகும் என்று சிலர் ஆட்சேபிப்பர். காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். "துத்தநாகம் குறைந்தால் இளம்பயிரின் இலையில் துருநிறப் புள்ளிகள் தோன்றி, வளர்ச்சி குன்றும்" என்றால் எவருக்கும் விளங்கும். எஞ்சியவற்றை வயலில் நேரில் செய்து காட்டும்போது விளக்குவதே தக்கது.

ஒரு பேச்சில் ஒரு விஷயமே இருக்கட்டும். பேசுவோர் தாம் எழுதியதை முதலில் ஒரு குடியானவருக்கு வாசித்துக் காட்டி, அவர் திருப்பிச் சொல்வதைக் கேட்பது உத்தமம். அவர் சொல்லும் அளவில் பிசகு நேர்ந்தால், திருத்த வேண்டியது அப்பேச்சையே ஆகும்.