'உ'வும் 'உ.வே.'யும்

திண்டுக்கல்லுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அமைந்த கன்னிவாடியில் திருவிழாப் பத்திரிகைகளுக்குக் குறைவில்லை. சோமலிங்கபுரத்துச் சோமலிங்க சுவாமி திருக்கோயில் அருகிலேயே இருக்கிறது. தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாளைச் சேவிக்கச் செல்வோரும் உண்டு. ஆகவே சைவ, வைணவ அழைப்பிதழ்கள் ஒரே வீட்டு மாடத்தில் சேர்ந்திருப்பது இயல்பு. அவற்றை எடுத்துப் படிக்கும் பேரப்பிள்ளைகள் திகைப்பது சுருக்கெழுத்துகளில்தான்.

உச்சியில் நிற்கும் 'உ'வைக் கண்டு, தமிழ் எண்களை அறிந்த பிள்ளை 'இரண்டு' என்றே படிக்கக்கூடும். பிழையன்று, வடிவம் அப்படி. ஆனால் இது பிள்ளையார் சுழி. அகர, உகர, மகரம் சேர்ந்த பிரணவத்தில் நடுநின்ற உகரமே இது என்பர் சிலர். உமையவளின் முதலெழுத்து என்பர் வேறு சிலர். அன்னையின் பெயரைச் சொல்லி மைந்தனை அழைப்பது பொருத்தந்தானே! ஓலையின் பதத்தையும் எழுத்தாணியின் கூர்மையையும் சோதிக்க இட்ட சுழியும் கோடும் என்பதும் ஒரு விளக்கம். இதைப் பக்தி குறைந்த விளக்கமென்று தள்ள வேண்டியதில்லை. ஓலை கிழிந்தால் அதில் எழுதும் திருமுறையும் அல்லவா கிழியும்?

'உ.வே.' சற்று ஆழமானது. வைணவப் பத்திரிகையில் பெரியவர் ஒருவரின் பெயருக்கு முன் 'ஸ்ரீ உ.வே.' என்றிருந்தால், ஊர்ப் பெயரும் தந்தை பெயரும் என்று பிள்ளைகள் எண்ணிவிடுவர். அது 'உபய வேதாந்த' என்பதன் சுருக்கம். வடமொழி வேதாந்தம் ஒன்று. ஆழ்வார்கள் அருளிய நாலாயிர திவ்யப் பிரபந்தமாகிய தமிழ் மறை மற்றொன்று. இரண்டையும் கற்றுத் துறைபோகிய பெருமை அவ்விரண்டு எழுத்தில் அடங்கியிருக்கிறது. பல்லாண்டுக் கற்றலை வெறும் தலைப்பெழுத்தாகப் படித்துவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு!

ஆனால் அதே எழுத்துகள் உ.வே.சாமிநாதையர் பெயரில் உண்மையிலேயே தலைப்பெழுத்துகள்தாம். உத்தமதானபுரம் அவர் ஊர். வேங்கடசுப்பையர் அவர் தந்தையார். 1855இல் பிறந்த அவர் வைணவருமல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டு, 1887இல் சமண காவியமாகிய சீவக சிந்தாமணியை அச்சேற்றியவர். 'உபய வேதாந்த' என்னும் விரிவு அவருக்குப் பொருந்தாது. பெயரைப் பார்த்தே எழுத்தை விரிக்க வேண்டும்.

பத்திரிகையின் கீழ்ப்பகுதியில் 'ச.ம.உ.' என வரும் 'உ' உமையையும் குறிக்காது, உபயத்தையும் குறிக்காது. அவர் சட்டமன்ற உறுப்பினர். முன்னிலை வகிக்க வருபவர்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையை உரக்கப் படிக்கும் முதியவர், 'அ/மி' என்று அச்சான இடத்தில் அப்படிப் படிப்பதில்லை. சற்று நிறுத்தி, 'அருள்மிகு' என்று முழுமையாகச் சொல்லிவிட்டே சுவாமியின் திருநாமத்துக்குப் போகிறார்.