டைனமோவுக்கு ஏற்ற ரெகுலேட்டர்

ஹைதராபாத்தின் சனத்நகரில் 1942-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஆல்வின் தொழிற்சாலையில் பேருந்துக் கூடுகள் பெருமளவில் கட்டப்பட்டன. அக்காலத்து வண்டிகளுக்கு மின்சாரம் அளித்தது டைனமோ. அதனை அளவில் நிறுத்தியது ரெகுலேட்டர். 1960-களிலிருந்து ஆல்டர்னேட்டர் படிப்படியாக டைனமோவின் இடத்தைப் பெற்றது. எனினும், பழைய வண்டிகளைப் பேணுவோர்க்கு இவ்விரு கருவிகளின் பொருத்தம் இன்றும் முக்கியமானதே.

வோல்ட் அளவு ஒன்றாயிருப்பின் எந்த ரெகுலேட்டரும் பொருந்தும் என்று கருதுவோர் பலர். இக்கருத்துத் தவறானது. என்ஜினின் வேகம் மிகுந்தால் டைனமோவின் மின்னழுத்தமும் உயரும். அப்போது ரெகுலேட்டர் புலச்சுருளில் ஓடும் மின்னோட்டத்தைக் குறைக்கிறது. 'ஏ' வகை டைனமோவில் புலச்சுருளின் ஒரு முனை உள்ளேயே ஆர்மெச்சூர் பிரஷ்ஷுடன் இணைந்திருக்கும். மறுமுனையை ரெகுலேட்டர் எர்த்துடன் சேர்க்கும். 'பி' வகையில் ஒரு முனை உள்ளேயே எர்த் ஆகியிருக்கும். மறுமுனைக்கு ரெகுலேட்டர் ஆர்மெச்சூரிலிருந்து மின்சாரம் தரும். வகை மாற்றிப் பூட்டினால் சுருளின் இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் நிற்கும். சுருளில் மின்னோட்டம் இராது. பாட்டரி சார்ஜ் ஆகாது.

இந்நிலையில் ரெகுலேட்டரை விலக்கிவிட்டுப் புலமுனையை நேராக இணைத்துவிடுவது பெருந்தீங்கு. சார்ஜ் ஏறுவது மெய்யே. ஆனால் அதற்கு வரம்பு இராது. பாட்டரி நீர் வற்றும்; பல்புகள் எரிந்து போகும்; ஆர்மெச்சூரின் காப்புறை கருகும். இரவில் விளக்கிழந்து நிற்கும் வண்டியில் பயணிகளும் இருப்பர் என்பதை மறத்தலாகாது.

வகை பொருந்திய பின்னரும், வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதையும், பாட்டரியின் எம்முனை எர்த் ஆகியுள்ளது என்பதையும் நோக்குதல் வேண்டும். ஆம்பியர் வரம்பும் ஒத்திருத்தல் வேண்டும். 20 ஆம்பியர் டைனமோவை 30 ஆம்பியர் வரை அனுமதிக்கும் ரெகுலேட்டருடன் இணைப்பின், அதன் ஆர்மெச்சூர் அளவுக்கு மீறிச் சூடேறிக் கெடும்.

வகையைக் கண்டறிதல் கடினமன்று. டைனமோவின் வெளி இணைப்புகளைக் கழற்றி, பிரஷ்களைக் கம்யூட்டேட்டரினின்று தூக்கி வைத்து, ஓம்மீட்டரால் சோதிக்கலாம். புலமுனைக்கும் ஆர்மெச்சூர் முனைக்கும் தொடர்பு இருப்பின் 'ஏ' வகை. புலமுனைக்கும் டைனமோவின் இரும்புக்கூட்டுக்கும் தொடர்பு இருப்பின் 'பி' வகை. பிரஷ்களைத் தூக்காமல் சோதித்தால் ஆர்மெச்சூர் வழியே இரண்டிலும் தொடர்பு தெரியும், முடிவு மயங்கும்.

தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் இச்சோதனையை மாணவர் கையாலேயே செய்விக்க வேண்டும். பட்டறைப் பதிவேடுகளில் டைனமோவும் ரெகுலேட்டரும் ஒரே இனமாக, வகை, வோல்ட், ஆம்பியர், எர்த் முனை ஆகிய விவரங்களுடன் எழுதப்பெறுதல் நன்று. ஒன்று பழுதுற்றால் மற்றொன்றையும் சோதித்த பின்னரே புதியதைப் பூட்டுதல் முறையாகும்.