காதலும் கணக்கும்

பொன்னை மறைத்து வைப்பவர் உண்டு; வயதை மறைத்துச் சொல்பவரும் உண்டு. கற்றதை மறைப்பவரும் உண்டோ என்று நேயர்கள் வியக்கக்கூடும். உண்டு. பல்லாண்டு வகுப்பறையில் நின்ற அனுபவத்தால் சொல்கிறேன்: பதினாறு, பதினேழு வயதில் நம் பிள்ளைகள் மறைக்கும் முதற்பொருள் அறிவேயாகும். விடை தெரிந்தும் கை உயராது. நூலகத்தில் எடுத்த புத்தகம் பையின் அடியில் ஒளிந்து கிடக்கும். "புத்தகப் புழு" என்னும் பட்டப்பெயருக்கு அத்துணை அச்சம்! அதிலும், மனத்துக்கு இனியவர் ஒருவர் எதிரே வந்துவிட்டால் அவ்வச்சம் இருமடங்காகிவிடும்.

இதனை விளக்க ஒரு சிறு கற்பனை. சித்திரை விடுமுறை. பண்டாரவளையில் வகுப்பு முடிந்து, ஹாலிஎலவுக்குத் திரும்பும் புகையிரதத்தில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றனர். பையன் கிரிக்கெட் வீரன் என்று பெயர் பெற்றவன். வான சாத்திரத்தில் அவனுக்குள்ள பித்தை நண்பர் எவரும் அறியார். பெண்ணின் கையில் சினிமாச் சஞ்சிகை. அதன் நடுவே மறைந்திருப்பதோ கேத்திர கணிதக் குறிப்பு. இருவரும் பாட்டைப் பற்றியும் பந்தாட்டத்தைப் பற்றியும் பேசிச் சலித்துவிட்டனர். வண்டி தெமோதரையை விட்டு நகர்ந்து வளையத் தொடங்குகிறது. "வண்டி ஏன் சுற்றிச் சுற்றிப் போகிறது, தம்பி?" என்று பக்கத்தில் இருந்த பாட்டி கேட்கிறார். இருவரும் ஒரே மூச்சில் விடை சொல்லிவிடுகின்றனர்! பின்பு ஒருவரை ஒருவர் பார்த்துத் திகைக்கின்றனர். சஞ்சிகை நழுவுகிறது, கணக்குத் தாள் வெளிப்படுகிறது. ஹாலிஎல நிலையம் வரும்வரை அவர்கள் பேச்சு ஓயவேயில்லை.

அப்பாட்டிக்குக் கிடைத்த விடை யாது? மலைநாட்டுப் புகையிரதப் பாதையின் மிகக் கடுமையான சரிவு ஏறத்தாழ 44க்கு 1 ஆகும். அஃதாவது, பத்தடி உயரம் இறங்க வேண்டுமாயின் பாதை நானூற்று நாற்பது அடியேனும் ஓடவேண்டும். தெமோதரையிலோ மலை செங்குத்தாகச் சரிகிறது. நேரே இறங்க வழியில்லை. ஆதலின் பாதையை மலையைச் சுற்றி வளையவிட்டு, அந்நிலையத்துக்கு அடியிலேயே ஒரு சுரங்கத்தின் வழியாக நுழைத்து, நீளத்தைக் கூட்டிச் சரிவைக் குறைத்தனர். 1924ஆம் ஆண்டில் பாதை பதுளையை எட்டியது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவதைக் கண்டே பொறியியலாளருக்கு இவ்வளையம் தோன்றிற்று என்பது ஊவா மக்கள் சொல்லி மகிழும் செவிவழிக் கதை. தலைப்பாகையிலும் கணிதம் உண்டு. காணும் கண் வேண்டும், அவ்வளவே.

"கணக்கால் காதல் வளருமோ?" என்று நகைப்பவருக்கு மெய்யான சரித்திரம் ஒன்றுண்டு. போலந்து நாட்டில் 1867இல் பிறந்த மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா, 1886இல், தம் பதினெட்டாம் வயதில், தொலைவிலுள்ள ஒரு நாட்டுப்புற வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியையாகச் சேர்ந்தார். தமக்கையார் பாரிஸில் மருத்துவம் பயிலப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. பகலெல்லாம் வேலை, இரவிலே பௌதிகமும் கணிதமும். அந்நிய ஆட்சி தடுத்திருந்த தாய்மொழியைக் கிராமத்துச் சிறாருக்கு மறைவாகக் கற்பித்தும் வந்தார். விடுமுறைக்கு வீடு வந்த மூத்த மகன் கசிமிர் கணித மாணவர். இருவர் உள்ளமும் ஒன்றின. ஆனால், சம்பளத்துக்கு வந்த ஏழைப்பெண் மருமகளாவதோ என்று பெற்றோர் மறுத்துவிட்டனர். நெஞ்சு புண்பட்டும், தமக்கையின் படிப்பை எண்ணி, அவ்வீட்டிலேயே 1889 வரை அவர் பணிபுரிந்தார். இரவுப் படிப்பைக் கைவிட்டாரில்லை.

1891இல் அவரும் பாரிஸ் சென்றார். 1893இல் பௌதிகத்திலும், மறு ஆண்டு கணிதத்திலும் பட்டம் பெற்றார். 1894 இளவேனிலில் பியேர் கியூரி என்னும் விஞ்ஞானியைச் சந்தித்தார். காதலர் மலர் அளிப்பது உலக வழக்கம். பியேர் அளித்ததோ, பௌதிக நிகழ்ச்சிகளில் சமச்சீர் பற்றித் தாம் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை! அவ்வாண்டு கோடை விடுமுறையில் மரியா தாயகம் திரும்பியபோது, பியேரின் கடிதங்கள் அவரைத் தொடர்ந்து சென்றன. 1895ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் மணம் நிகழ்ந்தது. மணமகள் அணிந்தது கருநீல உடை. பின்னர் ஆய்வுகூடத்திலும் அதனையே உடுத்தினார். அன்பளிப்பாக வந்த பணத்தில் இரண்டு சைக்கிள்கள் வாங்கி, இருவரும் பிரான்சு நாட்டுப் பாதைகளில் உலா வந்தனர். 1903இல் நோபல் பரிசு இருவரையும் நாடி வந்தது. 1911இல் மீண்டும் அம்மையாரை நாடி வந்தது. பிற்காலத்தில் கசிமிரும் புகழ்பெற்ற கணிதப் பேராசிரியரானார்.

மாணவ மணிகளே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். உங்கள் அறிவைக் கண்டு முகஞ்சுளிப்பவரின் பொருட்டு அதனை ஒளித்தால், அவர் விரும்புவது உங்களை அன்று; நீங்கள் பூண்ட வேடத்தை. வேடத்தை எத்தனை நாள் சுமப்பது? தோழியர் எடுக்கவில்லை என்பதற்காகக் கணிதப் பிரிவைக் கைவிட்டு, உயர்தரத்தில் விருப்பமில்லாத பாடங்களை எடுக்கும் பெண்களை நான் கண்டிருக்கிறேன். விடுமுறையின் சிரிப்பு சில கிழமைகளில் மறையும். எடுத்த பாடமோ வாழ்நாள் முழுதும் உடன் வரும். தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் கணிதமும் கற்கும் வாய்ப்பு எளிதாகக் கிடைப்பதன்று. கிடைத்ததை வெட்கத்துக்குப் பலியிடுதல் தகுமோ?

பெற்றோருக்கும் ஒரு சொல். மகளின் புத்தகத்துக்குள் ஒரு பெயர் எழுதியிருக்கக் கண்டால் உடனே வீட்டை இரண்டாக்கிவிட வேண்டாம். பள்ளியை நிறுத்தவும் வேண்டாம். அவளை அருகிருத்திப் பேசுங்கள். படிப்பு முடியட்டும் என்று அன்போடு சொல்லுங்கள். செங்குத்தான மலையில் அவசரப்பட்டு நேரே இறங்க முயன்றால் வண்டி கவிழும். சற்றுச் சுற்றி வந்தால் சுகமாக ஊர் சேரும். ஊவா மக்களாகிய நமக்கு இதனை வேறொருவர் வந்து சொல்லித்தரவும் வேண்டுமோ?