கணினி அறையின் கதவு யாருக்குத் திறக்கிறது?

புலம்பெயர்ந்தோர் பலர் தாயகத்து ஊர்களுக்குக் கணினிகளை வழங்கி வருகின்றனர். நோக்கம் நன்று, ஆயினும் கணினி வந்ததனாலேயே இணையம் எளியோரைச் சென்றடைந்துவிடாது.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியபோது, எல்லாச் சாதியினரும் நுழையக்கூடிய பொது இடத்தை ஊரே தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. வீராம்பட்டினத்தில் இணையவழி பெற்ற அலை உயர முன்னறிவிப்பு, எழுத்தறியாத மீனவரும் அறியும்படி ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிக்கப்பட்டது. 2004 ஆழிப்பேரலையன்று, சிங்கப்பூரில் பணிபுரிந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் தொலைபேசியில் விடுத்த எச்சரிக்கையை அவ்வூர் மையத்தின் ஒலிபெருக்கியே ஊரெங்கும் பரப்பியது. மக்கள் உயிர் தப்பினர்.

எனவே உதவ முன்வரும் பெற்றோரும் இளையோரும் முதலில் கேட்கட்டும்: கணினி எவர் பொறுப்பில் இருக்கும்? தாழ்த்தப்பட்டோரும் பெண்களும் தயக்கமின்றி உள்ளே வர இயலுமா? மையத்தை நடத்துபவருக்கு ஊதியம் உண்டா? விடை பெற்ற பின்னரே நன்கொடை வழங்கட்டும்.