காருக்குள் எத்தனை டெசிபல்? கம்பெனிகள் சொல்லட்டும்

புது கார் எடுத்தவர்கள் சீட் கவர், மேட் வாங்கப் போகும் இடங்களில் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை பெயர் பெற்றது. இப்படிப்பட்ட கடைத்தெருக்களில் டேம்பிங் ஷீட் விற்பவர்கள் வழக்கமாகச் செய்து காட்டும் ஒரு சோதனை உண்டு. டோர் பேடைக் கழற்றிவிட்டு, கதவுத் தகட்டை விரல் முட்டியால் தட்டுவார்கள். 'டங்' என்று அதிரும். கையகல ஷீட் ஒன்றை ஒட்டி, சின்ன உருளையால் அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடி தட்டினால் 'டொக்' என்று அடங்கிவிடும். பார்த்துக்கொண்டிருப்பவர் அங்கேயே மனம் மாறி, கார் முழுக்க ஒட்டச் சொல்லிவிடுவார்.

அந்தச் சோதனையில் பொய் இல்லை. ஆனால், அது காட்டுவது தகட்டின் அதிர்வை மட்டுமே. நெடுஞ்சாலையில் காதைக் குடையும் இரைச்சலில் அது ஒரு பங்குதான். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் சதுர அடிக் கணக்கில் ஷீட் ஒட்டுவது ஒரு தவறு. வாங்குபவரை அந்த நிலைக்குத் தள்ளிவிட்டு, காருக்குள் எவ்வளவு சத்தம் கேட்கும் என்பதைக் கார் கம்பெனிகள் சொல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய தவறு.

ஷீட்டின் மேல்பக்கம் அலுமினியத் தாள். கீழே சுமார் இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் பியூட்டைல் ரப்பர். தகடு அதிரும்போது, அதற்கும் அலுமினியத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் இழுபட்டு, அதிர்வின் ஆற்றலைத் துளி வெப்பமாக மாற்றிவிடுகிறது. தகட்டின் நடுப்பகுதிதான் அதிகம் அதிரும். எனவே, கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை ஒட்டினாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடும். இண்டு இடுக்கெல்லாம் ஒட்டினால் கூடுவது எடையும் பில்லும்தான். காற்று வழியாக வரும் இரைச்சலைத் தடுக்கக் கனமான வைனைல் விரிப்பை இடைவெளி விடாமல் போட வேண்டும். அதையும் மீறி உள்ளே வருவதை உறிஞ்சிக்கொள்ள ஃபெல்ட்டோ ஃபோமோ வேண்டும். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டிச் சீராக ஓடும் காரில், இன்ஜின் சத்தத்தை டயர் சத்தம் முந்திவிடும். டயருக்குள் அடைபட்ட காற்று 200 ஹெர்ட்ஸை ஒட்டி எழுப்பும் முனகல், சஸ்பென்ஷன் வழியாக பாடிக்குள் ஏறுகிறது. ட்ரெட் பள்ளங்களில் நசுங்கி வெளியேறும் காற்றின் சீறல், வீல் ஆர்ச் பக்கமாக நுழைகிறது. ஹேட்ச்பேக் கார்களில் டிக்கி தனியாகத் தடுக்கப்படாததால், அவதிப்படுபவர்கள் பின்சீட்டில் இருப்பவர்களே. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும்போது பின்னாலிருந்து பாட்டி எதையோ கேட்பார், முன்னால் இருப்பவர் "என்ன சொன்னீங்க?" என்று திரும்புவார், பாட்டை நிறுத்துவார்கள், பாட்டி இன்னொரு முறை சொல்வார். திண்டிவனம் தாண்டுவதற்குள் யாரும் பேசாமல் ஆகிவிடுவார்கள்.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கழித்தல் அல்ல. சம அளவுள்ள இரண்டு சத்தங்களில் ஒன்றை முழுக்க அடக்கினாலும் குறைவது 3 டெசிபல்தான். சத்தம் பாதியானதாகக் காதுக்குத் தோன்ற, ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். டயரை அப்படியே விட்டுவிட்டுக் கதவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் "பெரிசா ஒண்ணும் தெரியலையே" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அதனால், காசு அதிகம் ஆகாத வேலைகளிலிருந்து தொடங்க வேண்டும். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்க்கலாம். லேசாக உருவிக்கொண்டு வந்தால் பீடிங் சரியாகப் படியவில்லை என்று பொருள். டயரில் காற்று, கம்பெனி சொன்ன அளவில் இருக்க வேண்டும். ட்ரெட் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டையும் சஸ்பென்ஷனையும் பார்க்க வேண்டும். வேகத்தோடு சேர்ந்து ஏறும் உறுமல், வீல் பேரிங் கெட்டதாலும் வரலாம். அந்தச் சத்தத்தை ஷீட் ஒட்டி மறைப்பது உயிருக்கே ஆபத்து.

அதன் பிறகும் ஒட்டுவதென்றால் பின் வீல் ஆர்ச், ஃப்ளோர், கதவுகள் என்ற வரிசையில் ஒட்டலாம். மலிவு என்று தார் ஷீட்டை வாங்கினால், சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் நாற்றம் அடிக்கும். இளகிக் கழன்றும் விழும். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிட்டால், தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். சில கார்களில் கதவுக்குள் ஏர்பேக் சென்சார் இருக்கும்; அதை மூடக் கூடாது.

இத்தனையையும் ஒரு வாடிக்கையாளர் ஏன் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்? விலையையும் எடையையும் குறைக்க வேண்டிய நெருக்கடியில், பட்ஜெட் கார்களில் கம்பெனிகள் கைவைக்கும் இடங்களில் ஒலித்தடுப்பும் ஒன்று. மறுகோடியில், 2020-ல் வந்த ரோல்ஸ்ராய்ஸ் கோஸ்ட் காரில் 100 கிலோவுக்கு மேல் ஒலித்தடுப்புப் பொருள்கள் இருக்கின்றன. சோதனையின்போது உள்ளே நிலவிய அமைதி ஒருவிதத் தடுமாற்றத்தைத் தந்ததால், மெல்லிய ஓசை ஒன்று கேட்கும்படி பொறியாளர்கள் அதைத் திருத்தினார்கள். காருக்குள் எவ்வளவு சத்தம் இருக்க வேண்டும் என்று அளந்து தீர்மானிக்கும் திறமை இந்தத் தொழிலுக்கு நன்றாகவே கைவந்திருக்கிறது.

எடை கூடினால் மைலேஜ் குறையும், விலை ஏறும் என்று கம்பெனிகள் சொல்லலாம். அது நியாயமான வாதம். ஆறு லட்ச ரூபாய் காரில் கோஸ்ட்டின் அமைதியை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால், அந்த விலைக்குள்ளேயே எந்த கார் இரைச்சல் குறைந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. மின்சார கார்களுக்கு இது இன்னும் அவசியம். இன்ஜின் சத்தம் இல்லாததால், இதுவரை அதன் கீழே அமுங்கிக் கிடந்த டயர் இரைச்சல் அங்கே துல்லியமாகக் கேட்கிறது.

காருக்குள் எத்தனை டெசிபல் என்ற எண்ணை வெளியிடத் தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. காருக்குள் இரைச்சலை அளக்க ஐஎஸ்ஓ 5128 என்ற சர்வதேச முறை 1980-லேயே வகுக்கப்பட்டுவிட்டது. ஐரோப்பாவில் 2012 நவம்பரிலிருந்து ஒவ்வொரு புது டயரின் லேபிளிலும், அது வெளியே எழுப்பும் ஒலி எத்தனை டெசிபல் என்று அச்சிடுகிறார்கள். இந்தியாவிலும் டயர் ஒலிக்கு ஏஐஎஸ்-142 என்ற தரவிதி இருக்கிறது; ஆனால், டயர் கடைக்குப் போகிறவருக்கு அந்த எண்ணை யாரும் சொல்வதில்லை.

இரைச்சலைக் குறைப்பதில் சாலை போடுபவர்களுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரின் கான்கிரீட் நெடுஞ்சாலைகள் மேல் பழைய டயர்த் தூள் கலந்த தாரைப் பூசும் திட்டம் 2003-ல் தொடங்கியது. கார் ஓட்டுபவருக்கு மட்டுமல்லாமல், சாலையோர வீடுகளில் தூங்குபவர்களுக்கும் அதனால் இரைச்சல் குறைந்தது. காருக்குள் ஒட்டும் ஷீட்டால் தெருவுக்கு அந்த நன்மை கிடைக்காது.

மோதல் சோதனையில் கார்களுக்கு நட்சத்திரம் வழங்கும் பாரத் என்கேப் திட்டம் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மைலேஜையும் அந்த நட்சத்திரத்தையும் பார்த்து கார் வாங்கும் பழக்கம் பரவிவருகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் முன்சீட்டில் எத்தனை டெசிபல், பின்சீட்டில் எத்தனை டெசிபல் என்ற இரண்டு எண்களையும் ஒவ்வொரு மாடலின் விவரக் குறிப்பிலும் அச்சிட வேண்டும் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதி கொண்டுவர வேண்டும். அதுவரை, ஷோரூம்காரர் ஊருக்குள் 30, 40-ல் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவதோடு திருப்திப்பட வேண்டாம். வண்டியை பைபாஸுக்கு எடுத்துப்போய், ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, முன்னால் ஒரு முறையும் பின்னால் ஒரு முறையும் உட்கார்ந்து கேட்டுப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.